தழை போட்ட வழி

வழி தெரிந்தவனோடு பயணம் போகாதீர்கள். வழி தெரியாதவன் நாலு பேரைக் கேட்பான், தட்டுத் தடுமாறியாவது போய்ச் சேருவான். வழி தெரிந்தவன் தானும் கேட்கமாட்டான், நம்மையும் கேட்க விடமாட்டான். என் தாய்மாமா சின்னசாமி வழி தெரிந்தவர். அதனால்தான் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் என்னைப் பார்த்து இன்றுவரை பல்லைக் காட்டுகிறார்கள். இதைப் படித்துவிட்டு மாமாவின் பிள்ளைகள் சண்டைக்கு வந்தால் வரட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. ஓசூரில் அப்போது தொழிற்சாலை, சங்கு, ஷிப்ட் எதுவும் கிடையாது. சைக்கிள் வைத்திருந்தவன் பெரிய மனிதன். நான் பெரிய மனிதன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா இருந்தேன் என்பது அம்மா சொல்வது. எனக்கு வேலை நிறைய இருந்தது.)

என் அண்ணன் காவேரிப்பட்டினத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தான். அவனுக்கு ஜவளகிரியில் பெண் அமைந்தது. தளிக்கும் அப்பால், காட்டை ஒட்டிய ஊர். பெண்ணின் அப்பா வெங்கடப்பா ராகியும் அவரைக்காயும் விளைவிக்கிறவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். பரிசப் புடவை, பரிசம் போடுகிற அன்றே, பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டு நிலைப்படி தாண்டி உள்ளே வரவேண்டும். வராவிட்டால் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சும்மா மிரட்டுகிற ஆளும் இல்லை. இதற்கு முன் வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் புடவையை மறுநாள் கொண்டுவருகிறோம் என்றார்களாம். வெற்றிலையை அவர்கள் மடியிலேயே திருப்பிக் கட்டி அனுப்பியிருக்கிறார்.

அம்மா ஆனேக்கல் நெசவுக்காரரிடம் ஒரு புடவை சொல்லிவைத்திருந்தாள். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. அந்தக் கரைக்காக அவரோடு அவள் போட்ட சண்டையில் அந்த மனிதர் தறியையே விற்றுவிட்டு ஓடியிருக்கவேண்டும். சண்டையால் புடவை தாமதமாகி, பரிசத்துக்கு முதல் நாள் மாலைதான் கைக்கு வந்தது. அதற்குள் அம்மாவும் அத்தையும் மற்றப் பெண்களும் தளி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலுமாகப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். புடவையை ஆண்கள் காலையில் கொண்டுபோக வேண்டியது. பரிசத்துக்கு மாப்பிள்ளை போகும் வழக்கம் எங்களில் இல்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்தான்.

கிளம்பும்போது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "டேய், அந்தப் பொண்ணைப் பாத்த நாள்லேர்ந்து நான் சரியாத் தூங்கல. புடவையைக் கொண்டுபோய்ச் சேத்துடுடா."

அவன் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

ஆறு சைக்கிள்கள். மாமாவும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் நாலு. நான் ஐந்து. ஆறாவது காதர் பாய். அவருக்கும் பரிசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆறு சைக்கிளும் அவருடைய வாடகைக் கடைச் சைக்கிள்கள். காட்டுக்குள் போகிறோம் என்றதும் அவர் கடையைச் சாத்திவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. வண்டிங்க மேல பாசம்" என்றார்.

புடவை, தேங்காய், வெற்றிலை, மஞ்சள் எல்லாவற்றையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, வேட்டியால் மூட்டைகட்டி என் கேரியரில் ஏற்றினார்கள். ஏன் என் கேரியர் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் தம்பிதான் கொண்டுவர வேண்டும் என்பது முறை என்றார் மாமா. அப்படி ஒரு முறை கிடையாது. பிறகு விசாரித்துவிட்டேன்.

எனக்கு வந்த சைக்கிள் நாலாம் நம்பர். அதன் செயினுக்குப் பல்சக்கரத்தில் இருக்கவே பிடிக்கவில்லை. மத்திகிரி தாண்டியதும் கழன்றது. மேடு வந்தால் கழன்றது, பள்ளம் வந்தால் கழன்றது, நான் வாயைத் திறந்து பாய்க்கு வசை பாடினாலும் கழன்றது. ஒவ்வொரு தடவையும் பாய் இறங்கி, செயினை மாட்டி, கையை என் வேட்டியில் துடைத்தார்.

தளிக்கு வந்து சேர்ந்தபோது மாமா டீயெல்லாம் குடித்து முடித்துக் காலாட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் போனால் சுற்று, மூங்கில் வண்டிப் பாதையில் போனால் பாதி தூரம் என்றார். அந்தக் காட்டில் மூங்கில் ஏற்றிய வண்டிகளை இளவயதில் பல காலம் ஓட்டியவர் அவர். அந்தப் பெருமையை எங்களுக்குச் சோற்றோடு சேர்த்துப் போடுவார்.

"உன் செயினோட மல்லுக்கட்ட என்னால ஆவாது. நாங்க முன்னால போறோம். வழி பிரியற இடத்துல எல்லாம் தழை போட்டுட்டுப் போறேன். அதைப் பாத்து வந்துடு" என்றார்.

"சரி மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல? இதைவிடத் தெளிவாக யாராவது சொல்லமுடியுமா?

காட்டுக்குள் நுழைந்ததும் மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து மேலே மூடிக்கொண்டது. பாதை நடுவில் யானைச் சாணம் கிடந்தது. பாய் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆவி பறக்குது தம்பி" என்றார். நான் சைக்கிளை வந்த பக்கமே திருப்பினேன். அவர் கலங்கியது வேறு காரணத்துக்கு. "யானை மிதிச்சா ரிம்மு அப்பளம்" என்றார்.

முதல் பிரிவு வந்தது. வலது பக்கம் வெறும் பாதை. இடது பக்கப் பாதையின் குறுக்கே, அப்போதுதான் ஒடித்த புங்கந்தழை ஒரு கொத்து கிடந்தது. "பாத்தீங்களா பாய், மாமா சொன்ன மாதிரியே போட்டுட்டுப் போயிருக்காரு" என்று சொல்லி, தழையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினேன். அந்த நிமிஷம் மாமாவை நான் உண்மையாகவே மெச்சினேன். (வாழ்க்கையில் அவரை மெச்சிய ஒரே சந்தர்ப்பம். அதுவும் வீண்.)

இரண்டாவது பிரிவில் தழையே இல்லை. கிழவருக்கு மறந்துபோயிருக்கும் என்று முடிவு செய்து, சைக்கிள் தானாக எந்தப் பக்கம் சரிந்ததோ அந்தப் பக்கம் போனோம். மூன்றாவது பிரிவில் எங்கு பார்த்தாலும் தழை. இந்தப் பாதையில் தழை, அந்தப் பாதையில் தழை, நடுவில் ஒரு குவியல். ஆட்டுக்காரன் எவனோ வெட்டிப் போட்டிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, மாமாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று. பாய் இரண்டு பாதையையும் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் முள் குறைவு, டயருக்கு நல்லது என்றார். டயர் காட்டிய வழியே போனோம்.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் காடு முடிந்தது. ராகி வயல், கல் சுவர், ஒரு சின்ன ஊர். முதல் வீட்டு வாசலிலேயே பந்தல். மாவிலை, வாழை மரம், கோலம். நாலைந்து பெண்கள் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கேரியரில் தாம்பாளத்தைப் பார்த்ததும் ஒருத்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், புடவை வந்துவிட்டது என்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பெண் வீட்டாரை முன்பின் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புடவை வந்துவிட்டது என்கிறார்கள், பந்தல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்துக் கன்னடம் கலந்த தமிழில், "வரமாட்டீங்கன்னே நினைச்சுட்டோம், தம்மா. அவர் வரலையா?" என்றாள். (தம்மா என்றால் தம்பி.)

"மாமாதானே? காலையிலேயே முன்னால வந்துட்டாரே. இங்க வரல?"

அவள் முகம் மாறியது. "வந்துட்டு ஊருக்கு வெளியிலயே நிக்கறாரா? இன்னும் கோபம் போகலையா?"

கோபமா? எனக்கு மாமா மேல் மலையளவு கோபம். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "எப்படிப் போகும்? அந்த ஆளை நேர்ல நாலு வார்த்தை கேட்டாத்தான் போகும்" என்றேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாள் கணவனைப் பார்த்து ஓவென்று அழுதாள். அந்த மனிதர் என் எதிரில் வந்து கைகூப்பி, தப்பு தன் மேல்தான், பழசையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவரா வெங்கடப்பா? பிடிவாதக்காரர் என்றார்களே, இவர் என் காலில் விழுந்துவிடுவார் போலிருக்கிறதே? அதற்குள் நாலு ஆண்கள் மாமாவைச் சமாதானம் செய்து அழைத்துவர ஊர் எல்லைக்கு ஓடினார்கள். எங்கள் அம்மா எங்கே என்று கேட்டேன். பொம்பளைகள் எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. தாம்பாளத்தை ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். எங்களுக்கு மோர் வந்தது. பாய் மோரைக் குடித்துக்கொண்டே, இது சென்னை ராஜ்யமா மைசூர் ராஜ்யமா என்று ஒருவரை விசாரித்தார். மேய்கிறபோது மைசூர், பால் கறக்கிறபோது சென்னை என்று தன் மாட்டைக் காட்டி அவர் சொன்னார். அதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் பாட, பெண்ணை அழைத்துவந்து பந்தலில் பலகையில் உட்காரவைத்தார்கள். அரக்குப் புடவை, கடுகு மஞ்சள் கரை. எல்லாம் சரி. புடவைக்குள் இருந்தது ஒரு குழந்தை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும். புடவைதான் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாய் என் காதோரம் வந்து, "தம்பி, பொண்ணு ரொம்பச் சின்னதா இருக்குதே" என்றார்.

என் தலையில் ரத்தம் ஏறியது. அண்ணன் தூங்காமல் கிடந்தது இதற்காகவா? அம்மா, மாமா, எல்லாரும் கூட்டா? எழுந்து நின்று அந்த வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயெல்லாம் ஒரு மனுசனா? எங்க அண்ணனுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தாச்சு. பள்ளிக்கூடம் போற பச்சைக் கொழந்தையை அவனுக்குக் கட்டி வெக்கறியா? இப்பவே போறேன் போலீஸுக்கு."

பாட்டு நின்றது. 

அவர் மெதுவாகக் கேட்டார்: "யாருப்பா உங்க அண்ணன்?"

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அது ஜவளகிரி இல்லை. அவர் வெங்கடப்பா இல்லை, பசப்பா. அந்த அம்மாள் லட்சுமம்மா. அன்று அந்த வீட்டில் நடந்தது மகள் கௌரி பெரியவளானதற்குச் செய்யும் சடங்கு. தாய்மாமன் கொண்டுவரும் புடவையைக் கட்டித்தான் பெண்ணைப் பந்தலில் உட்காரவைப்பார்கள். தாய்மாமனோ பசப்பாவோடு ஏதோ நிலத் தகராறில் முறைத்துக்கொண்டு போனவன். வருவானா மாட்டானா என்று வீடே விடிந்ததிலிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பாதையில் தாம்பாளத்தோடு நான் போய் இறங்கியிருக்கிறேன். அவன் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

கட்டிய புடவையை அவிழ்த்துத் தா என்று எப்படிக் கேட்பது? கேட்டாலும், ஒருத்தி உடுத்தியதைப் பரிசத்தில் வைக்க முடியுமா? நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் புடவை போகாவிட்டால் அண்ணன் கல்யாணம் நின்றது. எல்லாவற்றையும் பாய் அவர்களுக்குச் சொன்னார். செயினைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

லட்சுமம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு புதுப் புடவையைக் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் வராமல் போனால் அவன் பேரைச் சொல்லி வேறு யார் கையாலாவது கொடுக்க வைக்கலாம் என்று பசப்பா வாங்கிவைத்திருந்த பட்டு. கிளிப்பச்சை. கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. அதை என் தாம்பாளத்தில் வைத்து, எங்கள் தேங்காய் வெற்றிலையோடு என் கையில் கொடுத்தாள்.

"வரவேண்டியவன் வரல. நீ வந்தே. என் மகளுக்குப் புடவை போட்டவன் நீதான். இனிமே நீதான் என் தம்மா. உக்காந்து சாப்பிட நேரமில்ல, போ."

பசப்பாவே வழிகாட்ட வந்தார். மகளின் சடங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பாயின் கேரியரில் ஏறிக்கொண்டார். ஆள் நல்ல கனம். பாய் வழி முழுக்க ரிம்மைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். வந்த வழியே திரும்பி, அந்த முதல் பிரிவுக்கு வந்தோம். புங்கந்தழை வாடிக் கிடந்தது. பசப்பா அதைப் பார்த்துவிட்டு, "தழை போட்டிருக்கே, இந்த வழியில ஏன் வந்தீங்க?" என்றார்.

"தழை போட்டிருந்ததாலதான் வந்தோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார். மூங்கில் வண்டிக்காரர்கள் போகக்கூடாத வழியில்தான் தழை போடுவார்களாம். குறுக்கே தழை கிடந்தால் அந்த வழி மூடியாச்சு என்று பொருளாம். போகிற வழியில் போட்டால் பின்னால் வருகிற மாடு நின்று தின்ன ஆரம்பித்துவிடுமாம்.

இதை மாமா என்னிடம் சொன்னாரா? இல்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் மூங்கில் வண்டிப் பழக்கம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். நான் மாடு இல்லை என்பதையும் அவர் மறந்துவிட்டார்.

ஜவளகிரியில் வெங்கடப்பா வாசலில் நாற்காலி போட்டு மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாம்பூலம் மாற்றுவதெல்லாம் நல்ல நேரத்திலேயே முடிந்திருந்தது. புடவைதான் பாக்கி. வெற்றிலைத் தட்டு அவர் மடியில் தயாராக இருந்தது, திருப்பிக் கொடுக்க. மாமா தெருமுனையில் நின்று என் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், என்னைப் பார்த்ததும் வெறும் காற்றால் திட்டினார். சூரியன் மலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது.

தாம்பாளத்தை அம்மா வாங்கி, நிலைப்படி தாண்டி உள்ளே வைத்து, மூட்டையை அவிழ்த்தாள். நேற்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரிடமும் அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை என்று பெருமையடித்து வைத்திருந்தாள். உள்ளேயிருந்து கிளிப்பச்சை எட்டிப் பார்த்தது. அம்மா புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை நான் எப்படி மறைக்க? ஊரே கேட்டது.

"வெயில்ல வெளுத்துடுச்சும்மா."

பெண் வீட்டு அத்தை ஒருத்தி, அரக்கு வெளுத்தால் பச்சை ஆகுமா என்று கேட்டாள். அதற்குப் பாய் முன்னால் வந்து, "ஆகும்மா. எங்க கடை வண்டிங்களே அப்படித்தான், சிவப்பா வாங்கினது" என்றார். நண்பன் என்றால் அவர்தான். ஆனால் இனி வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

பசப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் வெங்கடப்பாவுக்கும் சந்தைப் பழக்கம். நடுவாசலில் நின்று நடந்ததை முழுக்கச் சொன்னார். நான் போலீஸுக்குப் போகிறேன் என்றதைக்கூட விடவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வெங்கடப்பா எழுந்தார். மலையைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள புடவை வரணும்னேன். வந்துடுச்சு. கலரைப் பத்தி நான் பேசலையே" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டை உள்ளே கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் மகளின் வயதைப் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார். போலீஸுக்குப் போகவேண்டியதில்லையாம்.

அண்ணன் கல்யாணம் நடந்தது. அண்ணி அந்தக் கிளிப்பச்சையை நல்லநாள் தவறாமல் கட்டுவாள். "என் அரக்குப் புடவை எப்படி இருக்குது கொழுந்தனாரே?" என்று கேட்காமல் ஒரு பண்டிகை போனதில்லை. என் கல்யாணத்தன்று, நான் மணமேடைக்குப் போகிற வழியில் குறுக்கே ஒரு புங்கந்தழை கிடந்தது. போட்டது அண்ணன். இப்போது அவன் பேரன்கள் வரைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கழுதைகள், நான் குளியலறைக்குப் போனால்கூடத் தழை போடுகிறார்கள். மாமா சாகும்வரை, தழை போட்டது சரிதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அவரைச் சும்மா விடவில்லை.

லட்சுமம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கே ஆள் அனுப்பிவிட்டாள், தம்மா வரவில்லையா என்று. கௌரி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் நான்தான் செய்தேன். அன்று உண்மையான தாய்மாமன் எங்கிருந்தோ வந்து நின்று, மாலை தனக்குத்தான் போடவேண்டும் என்றான். வெயிலில் செயினோடு மல்லுக்கட்டி வந்தவன் நான், நீ யாருடா என்று கேட்டுவிட்டேன். போலீஸ் என்று இந்தத் தடவை அவன்தான் சொன்னான். மாலை என் கழுத்துக்குத்தான் வந்தது.

போன மாதம் கௌரியின் பேத்திக்குக் காது குத்து. முதல் சீர் என்னுடையது. முட்டி வலிக்கிறது, பஸ்ஸில் போங்கள் என்று வீட்டில் கத்தினார்கள். பஸ்ஸில் தளி வரை போய், அங்கே ஒரு சைக்கிளை இரவல் வாங்கி மிதித்தேன். அந்த முதல் பிரிவுக்கு வந்தபோது இடது பக்கப் பாதையின் குறுக்கே பச்சைத் தழை ஒரு கொத்து கிடந்தது. எவனோ ஆட்டுக்காரன் போட்டதாக இருக்கும். வழி தெரிந்த எவனாவது போட்டதாகவும் இருக்கும்.

இறங்கினேன். தழையைத் தூக்கி ஓரமாக எறிந்தேன். என் அக்கா வீட்டுக்கு அதுதான் வழி.